ஒரே ஒரு தடவை கேட்கும் மெஷின்

மதிய மணி அடித்தால் பள்ளிக்கூடத்தில் எல்லாருக்கும் பசி வரும். இளவேனிலுக்கு மட்டும் வந்த பசியும் போய்விடும்.

மணி அடித்ததுமே ஏழாம் வகுப்புப் பெண்கள் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு மைதானத்துப் புங்க மரத்தடிக்கு ஓடுவார்கள். அங்கே வட்டமாக உட்கார்ந்துகொள்வார்கள். ஒருத்தியின் புளிசாதம் இன்னொருத்தியின் மூடிக்குப் போகும். அந்த மூடியில் இருந்த உருளைக்கிழங்கு இந்தப் பக்கம் வரும். யார் எதைச் சாப்பிட்டார்கள் என்று அவர்களுக்கே தெரியாது.

இளவேனில் மட்டும் எதிர்ப்பக்கம் நடப்பாள். மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்ன அறை இருந்தது. அங்கே போய் தனியாகச் சாப்பிடுவாள். ஐந்து நிமிடத்தில் டிபன் பாக்ஸ் காலியாகிவிடும். பேச ஆளில்லை என்றால் சாப்பாடு சீக்கிரம் தீர்ந்துவிடும்.

அவள் சத்தியமங்கலத்திலிருந்து கருமத்தம்பட்டிக்கு வந்து நாற்பத்து மூன்று பள்ளி நாட்கள் ஆகியிருந்தன. கூடப் பேச ஆளில்லாதவர்கள் இப்படித்தான் நாட்களை எண்ணிக்கொண்டிருப்பார்கள்.

அப்பா தமிழ்ச்செல்வன் கம்ப்யூட்டர் மெக்கானிக். நூல் மில்களில் இருக்கும் கம்ப்யூட்டர்களைப் பழுது பார்ப்பவர். அந்த வேலைக்காகத்தான் இந்த ஊருக்கு வந்தார்கள். அம்மா மாசாணியம்மாள் சத்தியமங்கலம் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அம்மாவுக்கு இன்னும் மாற்றல் கிடைக்கவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் பஸ் பிடித்து வந்து, திங்கட்கிழமை விடியற்காலையில் போய்விடுவார்.

வந்த முதல் நாளே அந்தத் தப்பு நடந்துவிட்டது.

"புதுசா வந்த புள்ளையா? வா, இங்க உக்காரு" என்று கனிஷ்கா கூப்பிட்டாள். புங்க மரத்தடி வட்டத்துக்கு அவள்தான் தலைவி மாதிரி.

"இல்ல, பரவால்ல" என்றாள் இளவேனில்.

உண்மையில் அவளுக்கு அங்கே உட்கார அவ்வளவு ஆசை. ஆனால் அவள் வீட்டில் ஒரு பழக்கம் உண்டு. யாராவது சாப்பிடக் கூப்பிட்டால் முதல் தடவை, "இப்பத்தானுங்க சாப்பிட்டுப்போட்டு வந்தேன்" என்று சொல்ல வேண்டும். இரண்டாவது தடவை, "அட, வேண்டாமுங்க" என்று சொல்ல வேண்டும். மூன்றாவது தடவை கூப்பிட்டால் கை கழுவப் போகலாம்.

"கூப்பிட்ட ஒடனே போய் உக்காந்தா, காஞ்ச மாடு கம்புல பூந்த மாதிரி ஆயிரும் கண்ணு" என்று அம்மா சொல்லுவார்.

அதனால் இளவேனில் டிபன் பாக்ஸோடு அங்கேயே நின்று இரண்டாவது அழைப்புக்குக் காத்திருந்தாள்.

"சரி" என்றாள் கனிஷ்கா. ஊறுகாய் டப்பாவைத் திறந்தாள். அவ்வளவுதான்.

மறுநாள் இளவேனில் மரத்தின் பக்கமாக மெதுவாக நடந்து பார்த்தாள். அதற்கு மறுநாள் அங்கேயே நின்று அவிழாத ரிப்பனை அவிழ்த்துக் கட்டிப் பார்த்தாள். யாரும் கூப்பிடவில்லை. நான்காம் நாளிலிருந்து அவள் மாடிப்படிக்குக் கீழே போக ஆரம்பித்துவிட்டாள்.

அந்த அறையில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. ஒரு நூல் மில்லில் ஒதுக்கிப் போட்டதை அப்பாதான் சரிசெய்து பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவந்து வைத்தார். அந்த 1998-இல் பள்ளிக்கூடம் முழுவதற்கும் அந்த ஒரு கம்ப்யூட்டர்தான். அதனால் அதற்குக் கிடைத்த மரியாதை தலைமையாசிரியருக்குக்கூடக் கிடைக்கவில்லை. செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அதற்குப் பூப்போட்ட உறை ஒன்று தைத்துப் போட்டிருந்தார்கள். ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் திரைக்கு மேலே இன்னும் காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தன.

அறைச் சாவி கணக்கு டீச்சர் ரங்கநாயகியிடம் இருந்தது. அவருக்குக் கம்ப்யூட்டர் என்றால் பயம்.

"நீயே பாத்துக்க அம்மணி. நான் பக்கத்துல போனாலே அது 'கீ'ங்குது" என்று சாவியை இளவேனிலிடமே கொடுத்துவிட்டார்.

அப்பா அவளிடம் ஒரு சிடி கொடுத்திருந்தார். ஏதோ ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகையோடு இலவசமாக வந்தது அது. அதில் கம்ப்யூட்டரை இயக்கும் 'லினக்ஸ்' இருந்தது. லினக்ஸில் அமுக்குவதற்குப் படங்கள் அதிகம் இல்லை. நாம் ஒரு வரி தட்ட வேண்டும், அது ஒரு வரி பதில் சொல்லும்.

"நீயே போட்டுப் பாரு கண்ணு. கெட்டுப்போச்சுன்னா மறுக்காப் போட்டுக்கலாம்" என்றார் அப்பா. என்னென்ன தட்ட வேண்டும் என்று ஒரு நோட்டில் எழுதியும் கொடுத்தார்.

இளவேனில் பல மதியங்கள் உட்கார்ந்து அதைப் போட்டாள். போடும்போது அது நிறையக் கேள்விகள் கேட்டது. சிடிக்குள் ஒவ்வொரு வேலைக்கும் வேண்டியதைத் தனித்தனி மூட்டையாகக் கட்டி வைத்திருந்தார்கள். கம்ப்யூட்டர்காரர்கள் அதைப் 'பேக்கேஜ்' என்பார்கள். அது ஒவ்வொரு மூட்டையாகக் காட்டி, "இதையும் போடட்டுமா?" என்று கேட்டது.

இளவேனில் யோசித்தாள். கேட்டதும் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டால் நன்றாகவா இருக்கும்? "வேண்டாம்" என்று தட்டினாள். அடுத்ததற்கும் வேண்டாம். அதற்கு அடுத்ததற்கும் வேண்டாம். ரொம்ப அவசியம் என்றால் மறுபடி கேட்கும்தானே!

ஒரு வழியாக லினக்ஸ் ஏறிவிட்டது. கறுப்புத் திரையில் ஒரு சின்ன வெள்ளைக் கோடு மட்டும் விட்டுவிட்டுச் சிமிட்டியது. அந்தப் பள்ளிக்கூடத்தில் அவளைப் பார்த்துக் கண் சிமிட்டியது அது ஒன்றுதான்.

ஒரு திங்கட்கிழமை ரங்கநாயகி டீச்சர் கவலையோடு வகுப்புக்கு வந்தார்.

"வெள்ளிக்கெழம அறிவியல் கண்காட்சி. கேட்டுல கட்டறதுக்கு பேனர் எழுதறேன்னு சொன்ன சுப்பண்ணனுக்கு அம்மை போட்டிருச்சாம். இப்ப என்ன பண்றது?"

வகுப்பே மேலே சுற்றிய மின்விசிறியைப் பார்த்தது. இளவேனிலுக்கு அப்பாவோடு மில்லுக்குப் போனபோது பார்த்தது நினைவுக்கு வந்தது. அங்கே ஒரு கம்ப்யூட்டரில் அப்பா 'பேனர்' என்று தட்டி, பக்கத்தில் அவள் பெயரையும் தட்டினார். பிரிண்டரிலிருந்து தாளின் அகலம் முழுவதையும் அடைத்துக்கொண்டு பெரிய பெரிய எழுத்துகள் வந்தன. எல்லாம் சின்னச்சின்ன நட்சத்திரக் குறிகளால் ஆன எழுத்துகள்.

"டீச்சர், நான் கம்ப்யூட்டர்ல அடிச்சுத் தர்றேனுங்க" என்றாள்.

நாற்பது தலைகள் திரும்பின. வகுப்பில் வருகைப்பதிவைத் தவிர அவள் வாய் திறந்தது அன்றுதான்.

"தமிழ்ல வருமா அம்மணி?"

"அதுக்குத் தமிழ் தெரியாதுங்க டீச்சர். இங்கிலீஷ் மட்டுந்தானுங்க."

"ஐயோ பாவம்" என்றார் டீச்சர். "சரி, வெல்கம்னு அடி. அது போதும்."

"நெசமாலுமா?" என்று கனிஷ்கா கண்ணை விரித்தாள். கடைசி பெஞ்சிலிருந்து, "சும்மா உடறா" என்று ஒரு குரல் வந்தது.

இளவேனிலின் காது சூடாகிவிட்டது. அடித்துக் கொடுத்துவிட்டால் இவர்கள் தன்னோடு பேசுவார்கள் என்று ஆசையாக இருந்தது. அடித்துக் கொடுக்காவிட்டால், புதிதாக வந்தவள் என்பதோடு புளுகி என்ற பெயரும் சேர்ந்துவிடும்.

செவ்வாய்க்கிழமை மதியம் 'பேனர்' என்று தட்டினாள். அப்படி ஒன்று தன்னிடம் இல்லை என்றது கம்ப்யூட்டர்.

அதனால் என்ன, சிடியில் இருக்குமே! தேடினாள், இருந்தது. மூட்டையைப் பிரித்து உரிய இடத்தில் வைப்பதற்கென்றே லினக்ஸில் ஒரு கட்டளை உண்டு. அப்பாவின் நோட்டைப் பார்த்து அதைத் தட்டினாள்.

"முடியாது. இதற்கு எழுத்து மூட்டை தேவை" என்று திரையில் ஆங்கிலத்தில் பதில் வந்தது.

எழுத்து மூட்டையைப் போடச் சொன்னாள். "முடியாது. இதற்கு வரைகிற மூட்டை தேவை." வரைகிற மூட்டையைப் போடச் சொன்னாள். "முடியாது. இதற்கு இன்னும் ஒன்று தேவை." அந்த இன்னும் ஒன்றின் பெயர் வாயில் நுழையவில்லை. சோறு கேட்டால் உலையை வை என்றது, உலை வைத்தால் அடுப்பைப் பற்ற வை என்றது, பற்ற வைத்தால் விறகு எங்கே என்றது. மணி அடித்துவிட்டது.

புதன்கிழமை நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு வழி கண்டாள். என்ன தேவை என்று பார்க்காமலே வம்படியாகப் போடும் வழி. பக்கத்தில் அப்பா பென்சிலால் 'கூடிய மட்டும் வேண்டாம்' என்று எழுதியிருந்தார். அவசரத்தில் யார் பென்சில் எழுத்தைப் படிப்பார்கள்?

தட்டினாள். கம்ப்யூட்டர் மறுபேச்சுப் பேசாமல் போட்டுக்கொண்டது. ஆனால் 'பேனர்' என்று தட்டியதும் விக்கல் எடுத்த மாதிரி ஒரு வரியைக் காட்டிவிட்டு நின்றுபோனது. பத்துத் தடவை தட்டினாள். பத்துத் தடவையும் விக்கல்தான்.

"என்ன அம்மணி, ஆச்சா?" என்று டீச்சர் வாசலில் நின்று எட்டிப் பார்த்தார்.

"ஆயிருமுங்க டீச்சர்."

அன்று சாயங்காலம் வீட்டில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள். பக்கத்துத் தறிக்கூடத்தில் தறிகள் 'டக்கடக்க டக்கடக்க' என்று ஓடிக்கொண்டிருந்தன. அந்தச் சத்தத்தில் அழுதால் யாருக்கும் கேட்காது. அவள் கொஞ்ச நேரம் அழுதாள்.

ஏழு மணிக்கு அப்பா கிணத்துக்கடவு மில்லிலிருந்து களைத்து வந்தார்.

"ஸ்கூல்ல எல்லாம் எப்படிப் போவுது கண்ணு?"

"நல்லாப் போவுதுப்பா."

"பிரெண்ட்ஸ் ஆயிட்டாங்களா?"

"ஆயிட்டாங்கப்பா."

"கம்ப்யூட்டர்ல ஏதாச்சும் சொல்லித் தரோணுமா?"

"வேண்டாம்ப்பா" என்று வாயில் வந்துவிட்டது. அப்பா இரண்டாவது தடவை கேட்பார் என்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா தட்டின் முன்னால் உட்கார்ந்தபடியே தூங்கி விழுந்தார்.

வியாழக்கிழமை. இனி மிச்சம் இருப்பது இந்த ஒரு மதியம்தான்.

முதலில் அப்பாவின் நோட்டை முதல் பக்கத்திலிருந்து பொறுமையாகப் படித்தாள். லினக்ஸ் போட்டபோது என்னென்ன நடந்தது என்பதை அதுவே ஒரு கோப்பில் எழுதி வைத்திருக்கும் என்று அதில் இருந்தது. அந்தக் கோப்பைத் திறந்தாள்.

நீளமான பட்டியல் வந்தது. ஒவ்வொரு மூட்டையின் பெயரும், அதற்குப் பக்கத்தில் அவள் சொன்ன பதிலும். வேண்டாம். வேண்டாம். வேண்டாம். மொத்தம் முப்பத்தெட்டு வேண்டாம்!

எழுத்து மூட்டை அதில் இருந்தது. வரைகிற மூட்டையும் இருந்தது. வாயில் நுழையாத பெயர்கூட இருந்தது.

இளவேனில் நாற்காலியில் சாய்ந்தாள். இந்த மெஷின் அவளுக்கு எதையும் தராமல் இருக்கவில்லை. எல்லாவற்றையும் ஒரு தடவை கேட்டிருக்கிறது. அவள்தான் வேண்டாம் என்றிருக்கிறாள். மறுபடி கேட்கும் என்று அவள் காத்திருக்க, அது போய்விட்டது. அதற்கு எப்படித் தெரியும், இவளுடைய வேண்டாமுக்குள் ஒரு வேண்டும் இருக்கிறதென்று?

புங்க மரத்தடி நினைவுக்கு வந்தது. 

"அடச்சே!" என்று திரையைப் பார்த்துச் சொன்னாள். "எனக்கு அதெல்லாம் வேணும்!"

வம்படியாகப் போட்டதை முதலில் நீக்கினாள். பிறகு தலைகீழாக ஆரம்பித்தாள். செவ்வாய்க்கிழமை கடைசியாகத் தேவை என்று சொன்ன மூட்டையை முதலில் போட்டாள், ஏறியது. அதற்கு முந்தியது, ஏறியது. எழுத்து மூட்டையும் ஏறியது. கடைசியாக 'பேனர்' ஏறியபோது கம்ப்யூட்டர் ஒரு வார்த்தை எதிர்த்துச் சொல்லவில்லை. கட்டளையைத் தட்டினாள். திரை முழுவதும் நட்சத்திரங்கள் ஓடின.

அவள் எழுந்து நின்று கை தட்டினாள். தட்டியது அவள் ஒருத்திதான்.

ஆனால் கம்ப்யூட்டரோடு வந்த பிரிண்டரும் மில்லில் கிடந்த பழசு. இரண்டு ஓரமும் ஓட்டை போட்ட நீளத் தாள் பின்னாலிருந்து உள்ளே போக வேண்டும். அந்த ஓட்டைகளைப் பிடிக்கும் பற்கள் தேய்ந்துபோயிருந்தன. பின்பக்கம் ஒருவர் தாளை நேராகப் பிடித்துக் கொடுக்க வேண்டும், முன்பக்கம் ஒருவர் வாங்க வேண்டும். இளவேனில் பின்னால் பிடித்தால் முன்னால் சுருண்டது. முன்னால் ஓடினால் பின்னால் கோணிக்கொண்டு கிழிந்தது. டீச்சரோ கண்காட்சிச் சாமான்கள் வாங்கக் கோயமுத்தூர் போயிருந்தார். மணி அடிக்க இன்னும் அரை மணி நேரம்தான் இருந்தது.

இதற்கும் ஏதோ தேவை. ஆட்கள் தேவை.

அவள் செருப்பைக்கூடப் போடாமல் மைதானத்தில் இறங்கினாள். அந்த மைதானம் அவ்வளவு அகலம் என்று அன்றுதான் தெரிந்தது. புங்க மரத்தடியில் எல்லாரும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார்கள்.

"சாப்பிட்டாச்சா?" என்று கேட்டாள். வாயில் சோற்றோடு இருப்பவர்களிடம் வேறு யார் இப்படிக் கேட்பார்கள்?

"சாப்பிட்டுட்டுத்தான் இருக்கோம்" என்றாள் கனிஷ்கா.

"சரி" என்று இளவேனில் திரும்பிவிட்டாள். இரண்டடி நடந்தாள். நின்றாள். கண்ணை இறுக மூடிக்கொண்டு திரும்பி, ஒரே மூச்சில் சொன்னாள்.

"எனக்கு ஆள் வேணும். பேனர் வருது. ஆனா என்னால ஒருத்தியா முடியல. வாங்க."

கண்ணைத் திறந்தபோது கனிஷ்கா டிபன் பாக்ஸை மூடிக்கொண்டிருந்தாள்.

"எத்தன பேரு?"

"ரெண்டு பேரு போதும்."

ஒன்பது பேர் எழுந்தார்கள். கம்ப்யூட்டர் அறை வாசலில் ஒன்பது ஜோடி செருப்பு குவிந்தது. கனிஷ்கா பின்னால் தாளைப் பிடித்தாள். இன்னொருத்தி முன்னால் வாங்கினாள். இளவேனில் 'பேனர் வெல்கம்' என்று தட்டினாள்.

பிரிண்டர் கர்கர்ரென்று கத்தியது.

"என்ன புள்ள இது, எழுத்துப் படுத்துட்டு வருது?"

"விரிச்சுப் பாத்தா எந்திரிச்சுக்கும்" என்றாள் இளவேனில். எல்லாரும் சிரித்தார்கள். தன் பேச்சுக்கு யாராவது சிரித்து எத்தனை நாளாயிற்று!

தாள் மெதுவாக வந்துகொண்டிருந்தது. பின்பக்கத்திலிருந்து கனிஷ்கா கேட்டாள்.

"நீ ஏன் எங்ககூடச் சாப்பிட வர்றதே இல்ல?"

"நீ ரெண்டாந்தடவ கூப்பிடவே இல்லியே."

"நீதான் வேண்டாம்னுட்டயே! வேண்டாங்கறவங்கள மறுக்காக் கூப்பிட்டுத் தொந்தரவு பண்ணப்படாதுன்னு என்ற அம்மா சொல்லுவாங்க."

"கூப்பிட்ட ஒடனே போகப்படாதுன்னு என்ற அம்மா சொல்லுவாங்க."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ரெண்டு அம்மாவும் ஒருத்தரூட்டுக்கு ஒருத்தர் போனா என்ன ஆவும்?" என்றாள் கனிஷ்கா.

"வாசல்லயே நிப்பாங்க. விடிய விடிய" என்றாள் இளவேனில்.

கனிஷ்கா சிரித்த சிரிப்பில் தாள் கோணிக்கொண்டு போனது. "புடி, புடி!" என்று எட்டுப் பேர் கத்தினார்கள். அதற்குள் முதல் எழுத்து வாசலைத் தாண்டி வராந்தாவுக்குப் போய்விட்டிருந்தது. மணி அடிப்பதற்குள் ஏழு எழுத்தும் வந்துவிட்டன.

அன்று சாயங்காலம் அப்பா வந்ததும், அவர் கேட்பதற்கு முன்னாலேயே இளவேனில் சொன்னாள்.

"அப்பா, நாளைக்கு எங்க ஸ்கூலுக்கு நீங்க வரோணும்."

அப்பா செருப்பைக் கழற்றுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். அவள் எதையாவது கேட்டு ரொம்ப நாளாகிவிட்டது. "வாரேன் கண்ணு. மில்லுக்கு மத்தியானம் போய்க்கறேன்" என்றார்.

வெள்ளிக்கிழமை காலை பள்ளிக்கூடத்துச் சுற்றுச்சுவர் நெடுக பேனர் தொங்கியது. நட்சத்திரங்களால் ஆன ஏழு பெரிய எழுத்துகள். அவினாசி ரோட்டில் போன பஸ்ஸிலிருந்துகூட ஜனங்கள் எட்டிப் பார்த்தார்கள். கேட்டருகே வந்த அப்பா ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துக்கொண்டு நடந்தார்.

"மெஷினுக்குத் தமிழ் வராதுன்னு உட்டற முடியுமா?" என்று சொல்லிக்கொண்டே கனிஷ்கா சிவப்புப் பெயிண்ட் டப்பாவோடு வந்தாள். பேனருக்குக் கீழே ஒரு வெள்ளைத் தாளை ஒட்டி, அவளே கொட்டை எழுத்தில் எழுதினாள்.

'வாங்க, வாங்க.'

"எதுக்கு ரெண்டு தடவ எழுதற?" என்று இளவேனில் கேட்டாள்.

"ஒரு தடவ கூப்பிட்டா உன்னாட்ட ஆளுக வாசல்லயே நின்னுக்குவாங்கல்ல?" என்றாள் கனிஷ்கா.

மதிய மணி அடித்தது. கனிஷ்கா டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு, "வா, போலாம். மறுக்கா..." என்று ஆரம்பித்துத் திரும்பிப் பார்த்தாள்.

இளவேனில் அங்கே இல்லை. அவள் ஏற்கெனவே புங்க மரத்தை நோக்கி ஓடிக்கொண்டிருந்தாள். அவளுக்கு நல்ல பசி.